படங்களை மீட்கும் செயலி: கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: சந்தாத் தொகையைத் திருப்பித் தருதல், விளம்பரத்தைத் திருத்துதல் – தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

பங்குனியில் என் அம்மா காலமானார். அவருடைய கடைசிப் பொங்கல் படங்கள் என் போனில்தான் இருந்தன. இடம் போதவில்லை என்று கேலரியைச் சுத்தம் செய்தபோது அவையும் சேர்ந்து அழிந்துவிட்டன. குப்பைத்தொட்டியையும் காலி செய்திருந்தேன். அன்றிரவே உங்கள் செயலியை இறக்கினேன். ‘அழிந்த படங்கள் 100% திரும்பக் கிடைக்கும்’ என்று போட்டிருந்தீர்கள்.

இலவச ஸ்கேனில் 412 படங்கள் இருப்பதாகத் திரையில் வந்தது. அவற்றில் ஒன்றில் அம்மா கோலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்தபின் யோசிக்கவே தோன்றவில்லை. ஆண்டுச் சந்தா ரூ.1,899 கட்டினேன். கைக்கு வந்தவை எல்லாம் தபால்தலை அளவுப் படங்கள். கொஞ்சம் பெரிதாக்கினாலே முகம் கலைந்துபோகிறது.

செல்போன் பழுதுபார்க்கும் கடையில்தான் விஷயம் புரிந்தது. கேலரி வேகமாகத் திறப்பதற்காகப் போன் தனியே எடுத்துவைக்கும் சிறுபடங்கள் அவை. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு வெளிவரும் போன்களில் ஒவ்வொரு கோப்பும் மறையாக்கம் செய்தே, அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியே, சேமிக்கப்படுகிறது. அழித்த கோப்பின் திறவுகோலும் போய்விட்டால், அதை எந்தச் செயலியாலும் படிக்க முடியாது. இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் பணம் கட்டும் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மீட்புச் செயலிகளே வீண் என்று நான் சொல்லவில்லை. பழைய போனின் மெமரி கார்டைக் கணினியில் போட்டு, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடினோம். முன்பு அழித்த 63 படங்கள் முழு அளவில் வந்தன, அம்மா பேரனைத் தூக்கி வைத்திருப்பது உட்பட. கார்டில் அழித்தாலும், அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை பழைய தரவு அப்படியே கிடக்குமாம். அதனால்தான் மீட்டதை அதே கார்டில் சேமிக்கக் கூடாது என்று கடைக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். உங்கள் செயலியோ தேடும் இடத்திலேயே மீட்டதையும் எழுதுகிறது. மெமரி கார்டில் தேடுகிறவர்களுக்கு, மிச்சமிருப்பதும் அதனாலேயே அழியக்கூடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு இருமுறை மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டுக்கும் வந்தது ஒரே தானியங்கிப் பதில்.

ரூ.1,899-ஐ 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதை நிறுத்துங்கள். செயலிக்கு எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் அனுமதி கொடுத்திருந்தேன். என் படங்கள் எதுவும் உங்கள் சர்வருக்குப் போயிருந்தால் அழித்துவிட்டு எழுத்தில் தெரிவியுங்கள். ‘100%’ என்பதை எடுத்துவிட்டு, கிடைக்கப்போவது சிறுபடமா முழுப்படமா என்பதைப் பணம் வாங்கும் முன்பே காட்டுங்கள்.

தவறினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பணம் கட்டிய ரசீதும் திரைப் பதிவுகளும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்