இருபத்தெட்டு வயதில் முடிந்த ஆட்டம்

ஆசிரியருக்கு,

கால்பந்தின் சிறந்த முன்கள வீரர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டனை ஒரே ஒரு கோலோடு சுருக்கிவிடுகிறோம். 1988 யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) இறுதிப் போட்டியில் சோவியத் அணிக்கு எதிராக அடித்த கோல் அது. இடப்பக்கமிருந்து சக வீரர் மியூரன் தூக்கி அனுப்பிய பந்தைத் தரையில் விழவிடாமல், கோணமே இல்லாத இடத்திலிருந்து கோல்காப்பாளர் தசாயெவின் தலைக்கு மேல் வலைக்குள் செலுத்தினார். இன்று பார்த்தாலும் மெய்சிலிர்க்கிறது.

ஆனால் நெதர்லாந்தின் அயாக்ஸ் அணிக்காக 133 லீக் ஆட்டங்களில் 128 கோல்கள் அடித்ததையும், இத்தாலியின் ஏசி மிலான் அணிக்குச் சென்றபின் 1988, 1989, 1992 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருது பெற்றதையும் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

எதிரணியினரின் முரட்டு ஆட்டத்தில் அடிபட்ட கணுக்கால்தான் அவரை வீழ்த்தியது. அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள். 1993 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியே அவருடைய கடைசி ஆட்டம். அப்போது வயது 28. அது நடந்த அதே மியூனிக் ஒலிம்பிக் மைதானம்தான், ஐந்தாண்டுகளுக்கு முன் அந்தக் கோலை அடித்த இடம்! மீண்டும் ஆட முடியாமலே 1995இல் ஓய்வை அறிவித்தார். மிலானின் சான் சீரோ மைதானத்தில் அவர் ரசிகர்களிடம் விடைபெற்றபோது பயிற்சியாளர் கப்பெல்லோ கண்கலங்கினார்.

பின்னாலிருந்து காலை வெட்டும் ஆட்டத்துக்குச் சிவப்பு அட்டை என்ற கண்டிப்பு 1998 உலகக் கோப்பையில்தான் வந்தது. அதைச் சில ஆண்டுகள் முன்னரே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. இன்றைய நடுவர்கள் அட்டையை எடுக்கத் தயங்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவருடைய கணுக்கால்தான் நினைவுக்கு வருகிறது.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகர்