கண்ணே நடுவராக இருக்கட்டும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. உன் வீடியோ கேமுக்காக, சிறு துகள்கள் பறக்கும் ஒரு மந்திர எஃபெக்டை நாற்பது ஸ்லைடரைத் திருகி முடிப்பதற்குள் கண் பூத்துவிடுகிறது என்கிறாய். பல வகைகளை உருவாக்கி, நல்லதைத் தேர்ந்து, அதைச் சற்றே மாற்றி மீண்டும் பெருக்கும் பரிணாம அல்காரிதம் தாராளமாகக் கைகொடுக்கும். ஆனால் அழகுக்குத் தானாக மதிப்பெண் போடும் ஃபிட்னஸ் ஃபங்ஷன் எழுத மட்டும் உட்கார்ந்துவிடாதே. பிரகாசத்துக்கு மதிப்பெண் போட்டால், ஒன்றன்மேல் ஒன்று விழும் துகள்களின் ஒளியைக் கூட்டும் அடிட்டிவ் பிளெண்டிங் புண்ணியத்தில் சில தலைமுறைகளிலேயே திரை முழுக்க வெள்ளையாகும். கணினி வரைகலை ஆய்வாளர் கார்ல் சிம்ஸ் 1991-லேயே படங்களை வரிசையாகக் காட்டி, தேர்வைப் பார்ப்பவர் கண்ணுக்கே விட்டார். உனக்கும் அதுதான் வழி.

பாதி வேலை மரபணுவில், அதாவது தலைமுறைக்குத் தலைமுறை மாறும் விவரங்களில், எதை வைப்பது என்பதில் இருக்கிறது. வேகம், ஆயுள், பரவு கோணம், நிறம் என்று எண்களை மட்டும் அடுக்கினால் எத்தனை தலைமுறை ஓட்டினாலும் நீரூற்றின் தம்பி தங்கைகள்தான் பிறக்கும். ஹேஸ்டிங்ஸ், குஹா, ஸ்டான்லி மூவரின் 'நீட் பார்ட்டிகிள்ஸ்' என்ற ஆய்வு துகள்களை ஒரு சிறு நியூரல் நெட்வொர்க்கிடம் ஒப்படைத்தது. துகளின் இடமும், துகள்கள் கிளம்பும் புள்ளியான எமிட்டரிலிருந்து அதன் தூரமும் உள்ளே போகும். திசைவேகமும் நிறமும் வெளியே வரும். நெட்வொர்க்கின் கணுக்களில் சைன் (அலை), காஸியன் (மணி வடிவ வளைவு) ஃபங்ஷன் இரண்டையும் கலந்து வை, சுருளும் வளையமும் தாமாகவே வரும். இடவல சமச்சீர் வேண்டுமானால் கிடைமட்ட இடத்தைக் குறி நீக்கி உள்ளே கொடு. வெளிவரும் கிடைமட்ட வேகத்தைப் பழைய குறியால் பெருக்கு. பெருக்க மறந்தால் எல்லாம் ஒரே பக்கம் சாயும்.

திரையில் 3×3, ஒன்பது போதும். தேர்ந்தெடுத்ததை அப்படியே ஒன்று, அதன் பிள்ளைகள் ஆறு, புதிதாக இரண்டு. அந்த இரண்டைச் சேர்க்காவிட்டால் சீக்கிரமே ஒன்பதும் ஒரே முகமாகிவிடும். ஒன்பதுக்கும் ஒரே ரேண்டம் சீட் (தற்செயல் எண்களின் தொடக்க எண்) கொடு. இல்லையென்றால் நீ பார்ப்பது மரபணு வித்தியாசமா, தற்செயலா என்று தெரியாது. நெட்வொர்க்குக்கு வெளியே நிற்கும் ஆயுளையும் உமிழ்வு வீதத்தையும் கூட்டிக் கழிக்காமல் பெருக்கி மாற்று. ஆயுள் 0.1 நொடி 0.2 ஆனால் எஃபெக்டே வேறு, 3.1 என்பது 3.2 ஆனால் யாருக்கும் தெரியாது.

இயந்திரத்துக்கு விடவேண்டியது வடிகட்டும் வேலை. வீதம் நொடிக்கு 200, ஆயுள் 2.5 நொடி என்றால் ஒரே நேரத்தில் 500 துகள் உயிரோடு இருக்கும். உன் வரம்பைத் தாண்டுவதைத் திரைக்கே கொண்டுவராதே. எண்ணிக்கை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவாய்: பெரிய, ஒளிபுகும் துகள் முப்பதே இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று வரைந்து கிராஃபிக்ஸ் சிப்பான ஜிபியு திணறும். துகளின் பரப்பையும் சேர்த்தே கணக்கிடு. வேகத்தை டெல்டா டைமால் (முந்தைய பிரேமிலிருந்து கழிந்த நேரம்) பெருக்க மறக்காதே. மறந்தால், நொடிக்கு 60 பிரேமில் பிடித்துப்போனது 30-இல் பாதி வேகத்தில் தவழும்.

தேர்வு முடிந்ததும் நெட்வொர்க்கை ஆட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். 2டி என்றால் உள்ளீடு இடத்தை மட்டுமே பொறுத்தது. 64×64 டெக்ஸ்சர் (மதிப்புகளைத் தாங்கும் படம்) இரண்டில், ஒன்றில் திசைவேகம், மற்றதில் நிறம் என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பேக் செய்துவிடு. மைனஸ் வேகம் வெட்டுப்படாதபடி டெக்ஸ்சரின் ஃபார்மேட்டைப் பார்த்துக்கொள்.

ஆட்டம் ஓடும்போதே பரிணாமம் நடக்கட்டும் என்று ஆசைப்பட்டால் 2010-இல் வந்த 'கேலக்டிக் ஆர்ம்ஸ் ரேஸ்' கேமைப் பார். ஆட்டக்காரர் எந்த ஆயுதத்தை அதிகம் சுடுகிறாரோ அதற்கே ஃபிட்னஸ் ஏறும். தனியாக யாரும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. ஆனால் அங்கே துகளே குண்டு. வெறும் அலங்காரப் புகைக்கு அந்த வழி ஒத்துவராது.

முதலில் அந்த மந்திர எஃபெக்டின் ஸ்லைடர் எல்லைகளை எழுதி அனுப்பு. எவற்றை நெட்வொர்க்கிடம் விடலாம், எவற்றைப் பூட்டி வைக்கலாம் என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரவி