மடிக்கணினி வாங்கும்போதே அதன் இரைச்சலையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்காகக் கடந்த ஏப்ரலில் இணைய அங்காடி ஒன்றில் 58,000 ரூபாய்க்கு மடிக்கணினி வாங்கினோம். திரை, வேகம், பேட்டரி எதிலும் குறையில்லை. ஆனால் திறந்து பத்து நிமிடம் ஆனதும் உள்ளிருக்கும் விசிறி எழுப்பும் இரைச்சல் அடுத்த அறை வரை கேட்கிறது. இணையவழி நேர்காணல் ஒன்றில் எதிர்முனையில் இருந்தவர் கேள்வியைப் பாதியில் நிறுத்தி, "வீட்ல மிக்ஸி ஓடுதா? கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்றாராம். மிக்ஸியாக இருந்தால் நிறுத்தியிருப்போம்.

வாங்கிய மூன்றாம் நாளே அங்காடியின் உதவி எண்ணை அழைத்தேன். "புது லேப்டாப் அப்படித்தான் இருக்கும் சார், ஒரு வாரம் ஓடட்டும், தானா அடங்கிடும்" என்று பதில் வந்தது. இது முழுப் பொய்யில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். புதிய கணினியை இணையத்தோடு இணைத்ததும் விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை இறக்கி நிறுவுகிறது, உள்ளே இருக்கும் கோப்புகளுக்கெல்லாம் தேடல் அட்டவணை தயாரிக்கிறது, வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பாகச் சோதிக்கிறது. ஆகவே முதல் சில நாள்கள் நாம் எதையும் தொடாமல் இருந்தாலும் கணினியின் மூளையான பிராசசருக்கு ஓய்வில்லை, பிராசசருக்கு ஓய்வில்லாதபோது விசிறிக்கும் ஓய்வில்லை. ஆனால் பழுதான பொருளை மாற்றித் தரக் கோருவதற்கு அந்த அங்காடி தந்திருந்த அவகாசமும் அதே ஏழு நாள்கள்தாம். பொறுத்துப் பார்க்கச் சொன்ன வாரம் முடிந்தபோது மாற்றிக் கேட்கும் வாய்ப்பும் முடிந்துவிட்டது. எட்டாம் நாள் அழைத்தபோது, இனி சர்வீஸ் சென்டரைத்தான் அணுக வேண்டும் என்றார்கள்.

சர்வீஸ் சென்டரில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குளிரூட்டப்பட்ட கூடம், சுவரில் இருந்த ஏ.சி. 24 டிகிரி காட்டியது. மேசை மேல் கணினியை வைத்துத் திறந்து, இருபது நிமிடம் ஒரு காணொலியை ஓடவிட்டார் அங்கிருந்த இளைஞர். விசிறியின் சத்தம் காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்டது. "நார்மலா இருக்கே சார்" என்றவர், பழுது ஏதும் இல்லை என்று எழுதிய தாளில் என் கையொப்பம் வாங்கிக்கொண்டார். அன்று பிற்பகல் வேலூரில் எங்கள் வீட்டுக் கூடத்து வெப்பமானி 37 டிகிரி காட்டியது. அதே கணினியில் அதே காணொலியை ஓடவிட்டேன். ஐந்தாவது நிமிடத்தில் மிக்ஸி கிளம்பிவிட்டது.

இதில் மர்மம் எதுவும் இல்லை. மடிக்கணினியின் விசிறிக்குக் குளிர்ந்த காற்றைத் தானாக உண்டாக்கத் தெரியாது. அறையில் உள்ள காற்றை அடிப்புறத் துளைகள் வழியே இழுத்து, பிராசசரின் வெப்பத்தை அதில் ஏற்றி வெளியே தள்ளுவதே அதன் வேலை. உள்ளே வரும் காற்றே 37 டிகிரியில் இருந்தால், அதே வெப்பத்தை அகற்ற இன்னும் அதிகக் காற்று தேவைப்படுகிறது. விசிறி வேகமாகச் சுழல்கிறது. சுழலும் வேகம் இரு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 15 டெசிபல் (டெசிபல் என்பது ஒலியை அளக்கும் அலகு) உயரும் என்பது விசிறிப் பொறியியலில் வழங்கும் கணக்கு. பத்து டெசிபல் கூடினாலே நம் காதுக்கு இரு மடங்கு சத்தமாகப் படும் என்பதால், 15 டெசிபல் ஏறத்தாழ மும்மடங்காகக் கேட்கும். பல மடிக்கணினிகளின் கையேட்டில் இயங்கத் தகுந்த அறை வெப்பநிலை 35 டிகிரி வரை என்று சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. அக்னி நட்சத்திர நாள்களில் வேலூரிலும் கரூர் பரமத்தியிலும் மதுரையிலும் வெளி வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது ஊரறிந்த செய்தி. ஏ.சி. இல்லாத வீட்டுக்கு இந்தக் கணினி ஏற்றதுதானா என்று விற்கும்போது ஒருவரும் சொல்வதில்லை.

என்னைப் போல் அவதிப்படும் வாசகர்களுக்காக, நாங்களே செய்து பார்த்து ஓரளவு பலன் கண்டவற்றைக் குறிப்பிடுகிறேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிராசசரை அதிகம் பயன்படுத்துவது எது என்று பார்த்தபோது, நாங்கள் கேட்காமலே நிறுவப்பட்டு வந்திருந்த இலவசச் சோதனைக்கால வைரஸ் தடுப்பு மென்பொருள் முதலிடத்தில் நின்றது. அதை நீக்கினோம், விண்டோஸோடு வரும் தடுப்பே எங்கள் தேவைக்குப் போதும். அடுத்தது டர்போ பூஸ்ட். பிராசசர் தன் இயல்பான வேகத்தை மீறிச் சற்று நேரம் பாய்ந்து ஓடும் ஏற்பாடு அது. அதற்கு மின்னழுத்தமும் கூடுதலாக வேண்டியிருப்பதால், கிடைக்கும் வேகத்தைவிட உண்டாகும் வெப்பம் அதிக விகிதத்தில் ஏறுகிறது. பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் பிராசசரின் உச்ச அளவு 100 விழுக்காடு என்றிருப்பதை 99 என்று மாற்றினால் இந்தப் பாய்ச்சல் நின்றுவிடுகிறது. சில புதிய கணினிகளில் இந்த வரியே கண்ணில் படாது. அவற்றில் பவர் மோடை மின்சிக்கன நிலைக்கு மாற்றலாம், அல்லது தயாரிப்பாளரே தரும் செயலியில் சத்தம் குறைந்த நிலையைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டுரை எழுதவும் வகுப்பு கேட்கவும் இந்த வேகமே தாராளம். என் மகள் வித்தியாசத்தை உணரவே இல்லை.

கணினியின் பின்விளிம்புக்குக் கீழே இரண்டு பழைய ரப்பர்களை வைத்து அரை அங்குலம் உயர்த்தியதில் கிடைத்த பலன் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். மெத்தையிலும் தலையணையிலும் வைத்துப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் காரணம் அந்த அடிப்புறத் துளைகள்தாம். இடையில் கணினிக்கு அடியில் வைத்துக் குளிர்விக்கும் கூலிங் பேட் ஒன்றும் 900 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்குள் இரண்டு விசிறிகள். அவையும் சேர்ந்து இரைந்தன.

இவ்வளவும் செய்தும் நடுப்பகலில் சத்தம் முழுதாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது, அவ்வளவே. இங்கு ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: காற்று இரைவது போன்ற சத்தம் வெப்பத்தால் வருவது, கரகரவென்றோ டிக் டிக்கென்றோ வந்தால் விசிறியின் தாங்கியிலோ இறக்கையிலோ கோளாறு இருக்கலாம், அதை அலைபேசியில் பதிவு செய்துகொண்டு உடனே வாரண்டியில் மாற்றக் கேட்க வேண்டும். எந்த நிலையிலும் வாரண்டி முடியும் முன் நாமே திருகாணியைக் கழற்றக் கூடாது.

என் முறையீடு இதுதான். நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் வெடிக்கும் பட்டாசுக்கு நம் நாட்டில் தடை உண்டு. குடியிருப்புப் பகுதியில் இரவு நேர ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறிக்குக்கூட 2023 ஜனவரி முதல் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை கட்டாயம். மடிக்கணினிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு கட்டாயம் என்றாலும், அது மின்பாதுகாப்பைப் பற்றியது. முகத்துக்கு ஓரடி தொலைவில் நாள் முழுவதும் இரையும் விசிறியைப் பற்றி வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அளப்பதற்கு வழியில்லை என்றும் சொல்ல முடியாது. கணினிக் கருவிகளின் ஒலியை எப்படி அளப்பது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 7779, அளந்ததை எப்படி அறிவிப்பது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 9296 என்று பன்னாட்டுத் தரங்கள் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் குளிர்பதனப் பெட்டியின் ஆற்றல் முத்திரையிலேயே டெசிபல் அளவும் அச்சாகிறது.

பொருளின் தரத்தைப் பற்றி அறியும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நமக்கு அளித்திருக்கிறது. அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் அதிகபட்சச் சில்லறை விலையும் குறைதீர் எண்ணும் அச்சாகும் இடத்தில், முழு வேலையின்போது எழும் ஒலி இவ்வளவு டெசிபல், அது இத்தனை டிகிரி அறை வெப்பத்தில் அளந்தது என்று இரண்டு எண்களைச் சேர்ப்பதற்குப் பெரிய செலவாகாது. இதைக் கட்டாயமாக்க மத்திய நுகர்வோர் நலத்துறை முன்வர வேண்டும். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள் என்று அங்காடியே சொல்லும்போது, மாற்றிக் கேட்கும் அவகாசம் அந்த வாரம் முடிந்த பிறகே தொடங்க வேண்டும். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையீட்டைப் பதிவு செய்திருக்கிறேன். சர்வீஸ் சென்டர் தந்த தாளோடு எங்கள் வீட்டு வெப்பமானியின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேலூர்.