நேபாள டூர் பாதியில நின்னுச்சு, மீதிக் காசு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு டூர் பேக்கேஜ் பத்தி உங்க இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன். எந்த சீசன்ல போகலாம், என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு எல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தீங்க, ஆனா போன இடத்துல கலவரம் வெடிச்சு டூர் பாதியில நின்னா கட்டின காசு என்ன ஆகும்னு ஒரு வரி கூட இல்ல. அதை அனுபவிச்சவ எழுதினா சரியா இருக்கும்னு தோணுச்சு.

2025 செப்டம்பர்ல நேபாளத்துல நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 26 சோஷியல் மீடியா ஆப்பை தடை பண்ணாங்கன்னு 8ஆம் தேதி சின்னப் பசங்க ரோட்டுக்கு வந்து, துப்பாக்கிச்சூட்டுல பல உயிர் போயி, மறுநாளே பார்லிமென்ட் எரிஞ்சு, பிரதமர் ஒலி ராஜினாமா பண்ணி, காட்மாண்டு ஏர்போர்ட்டையும் மூடிட்டாங்க. எங்க குரூப் அப்ப போக்ராவுல. முக்திநாதரை சேவிக்கணும்னே கிளம்பினவங்க, பாதிப் பேர் சீனியர் சிட்டிசன், என் மாமியார் உட்பட. ஊரடங்கு போட்டதுல, முக்திநாத் போற வழியில இருக்கிற ஜோம்சோம் ஊருக்குப் போற பிளான் அப்படியே போச்சு. அதுக்கு யாரையும் குத்தம் சொல்லல, அந்த ஊர் ஜனங்களுக்கே வீட்டை விட்டு வெளிய வர முடியல.

குத்தம் எங்கன்னா, அன்னைக்கு சாயங்காலம் கூட வந்த டூர் மேனேஜர் போன் ஸ்விட்ச் ஆஃப். ஆபீஸ் நம்பர்ல கேட்டா "பேசிட்டு இருக்கோம் மேடம், வெயிட் பண்ணுங்க", அதே பாட்டு. ஹோட்டல் ரிசப்ஷன் தம்பி ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டி, உங்க கம்பெனி நாளைக்கு காலை வரைக்கும்தான் பணம் கட்டியிருக்கு, அதுக்கு மேல தங்கினா நீங்கதான் தரணும்னு தயங்கித் தயங்கி சொல்றான். வெளிய ஷட்டரை இறக்கி முன்பக்க லைட்டையெல்லாம் அணைச்சு வச்சிருக்காங்க, உள்ள நாங்க ஆளுக்கு எவ்வளவு போடணும்னு கணக்கு பாத்துட்டு இருக்கோம். அப்புறம் எங்க கைக்காசைப் போட்டு ஒரு வண்டி பிடிச்சு சுனௌலி பார்டர் வழியா கோரக்பூர் வந்து சேர்ந்தோம், அந்த மலைரோட்டுல மாமியார் பட்ட பாடு தனிக்கதை, அதை விடுங்க.

ஊருக்கு வந்து காசு கேட்டா ஒரே பதில்தான், "இது ஃபோர்ஸ் மஜூர் மேடம், ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருக்கீங்களே." அதாவது யார் கையிலயும் இல்லாத அசம்பாவிதமாம். ஃபோர்ஸ் மஜூர்னு சொல்லிட்டா மொத்தப் பணமும் அவங்களுக்கேங்கிற மாதிரி பேசுறாங்க, நம்ம ஜனங்களும் சரி விதின்னு விட்டுடறாங்க. நான் விசாரிச்சு தெரிஞ்சுக்கிட்டது என்னன்னா இதுல ரெண்டு விஷயத்தைப் போட்டு குழப்புறாங்க. கலவரத்தால டூர் கெட்டுப் போச்சு, மனசு கஷ்டப்பட்டோம், அதுக்கு நஷ்டஈடு கொடுன்னா கிடைக்கிறது கஷ்டம், அது நியாயமும் கூட, கலவரத்தை அவங்களா பண்ணாங்க? ஆனா தராத சேவைக்கு வாங்கின பணம் வேற கணக்கு. தங்காத ராத்திரி, ஏறாத ஃப்ளைட், போகாத கோவில், இதுக்கெல்லாம் வாங்கினதைத் திருப்பிக் கேக்கறது நஷ்டஈடே இல்ல, அது ரிஃபண்ட். 1872 கான்ட்ராக்ட் சட்டத்துலயே இருக்கு, 56ஆம் பிரிவு செய்ய முடியாம போன ஒப்பந்தம் செல்லாதுங்குது, 65ஆம் பிரிவு அப்படி செல்லாம போனா வாங்கின பலனைத் திருப்பிக் கொடுக்கணும்ங்குது. ஃபார்ம்லயே "எந்த நிலையிலும் ரிஃபண்ட் கிடையாது"ன்னு பொடி எழுத்துல போட்டிருந்தா வாதம் கொஞ்சம் சிக்கலாகும், அந்த ஷரத்தே அநியாயம்னு சொல்லி 2019 நுகர்வோர் சட்டத்துல கேக்கலாம், ஆனா அதுக்கு மாவட்ட நுகர்வோர் கமிஷன் இல்ல, ஸ்டேட் கமிஷனுக்குத்தான் போகணும்.

அடுத்து "வெண்டர் எங்களுக்கு இன்னும் திருப்பித் தரல"ம்பாங்க, வெண்டர்னா இவங்க புக் பண்ற ஹோட்டல், ஏர்லைன்ஸ் மாதிரி ஆளுங்க. நாம பணம் கட்டினது வெண்டருக்கா இவங்களுக்கா? ரசீது யார் பேர்ல இருக்கு? அப்படியே வெண்டர் தரலன்னாலும் அதுக்கு எழுத்துல ஏதாவது காட்டுங்கன்னு நான் கேட்டேன், அன்னையோட அந்தப் பேச்சு நின்னுச்சு. ஃப்ளைட் கேன்சல் ஆனதும் அப்படித்தான், கலவரத்துக்காக ஏர்லைன்ஸ் தனியா நஷ்டஈடு தர வேண்டியதில்லன்னு நம்ம நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவோட ரூல் இருக்கு, ஆனா டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரணும், ஏஜென்ட் வழியா எடுத்த டிக்கெட்டா இருந்தாலும் பொறுப்பு ஏர்லைன்ஸோடதுதான். இன்சூரன்ஸை நம்பியும் உக்காராதீங்க, நிறைய பாலிசில யுத்தம் கலவரமெல்லாம் விலக்கு லிஸ்ட்ல இருக்கும், வாங்கும்போதே அந்தப் பக்கத்தைப் படிக்கணும்.

இன்னொண்ணு, கலவரம் நடந்துச்சுங்கிறதுக்காக அதுக்கப்புறம் அவங்க நடந்துக்கிட்டதெல்லாம் ஃபோர்ஸ் மஜூர் ஆயிடாது. போனை அணைச்சு வச்சது, வயசானவங்களை ஹோட்டல்ல விட்டுட்டு ஆளைக் காணோம்னு போனது, இதெல்லாம் சேவைக் குறைபாடு, இதுக்கு நஷ்டஈடே கேக்கலாம். நாங்க கேட்டிருக்கோம். மொதல்ல கிரெடிட் நோட் தர்றேன், அடுத்த வருஷம் வேற டூர் போங்கன்னாங்க, வேணாம்னோம். நோட்டீஸ் போனதும் ஒரு தொகை சொன்னாங்க, கூடவே "இத்தோட எல்லாம் முடிஞ்சுது"ன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து கேட்டாங்க. குரூப்ல சில பேர் போட்டுட்டாங்க, நாங்க போடல, கேஸ் மாவட்ட கமிஷன்ல நடக்குது.

கேஸுன்னதும் பயப்பட வேண்டாம். கட்டின பணம் 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே இல்ல, வக்கீல் கட்டாயமில்ல, டூர் கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், அரசாங்கத்தோட இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல ஆன்லைன்லயும் போடலாம், 2 வருஷத்துக்குள்ள போடணும் அவ்ளோதான். அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி புகார் கொடுத்துப் பாக்கலாம், சில கம்பெனி அதுலயே இறங்கி வந்துடும். எங்களுக்கு கைகொடுத்தது அந்த ஹோட்டல் தம்பி எழுதிக் கொடுத்த பில்லும் வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட்டும்தான், கலவரத்துக்கு நடுவுல பில் எதுக்குன்னு என் வீட்டுக்காரர் என்னைத் திட்டினார்!

ஐரோப்பிய யூனியன்ல இதுக்குன்னே 2015ல பேக்கேஜ் டூர் சட்டம் வந்திருக்கு, போற இடத்துல பெரிய கலவரம் நடந்து டூரை பாதிக்கும்னா கிளம்பறதுக்கு முன்னாடியே கேன்சல் பண்ணி முழுப் பணமும் வாங்கலாம், போன இடத்துல மாட்டிக்கிட்டு திரும்ப முடியலன்னா 3 ராத்திரி வரைக்கும் தங்குற செலவு டூர் கம்பெனியோடது, கர்ப்பிணிகள், நடமாட முடியாதவங்களுக்கெல்லாம் அந்த 3 ராத்திரி வரம்பு கூட இல்ல. நம்ம நாட்டுல டூர் பேக்கேஜுக்குன்னு அப்படி தனிச்சட்டம் கிடையாது, ஃபார்ம்ல கம்பெனி என்ன எழுதுதோ அதை வச்சுத்தான் சண்டையே. குறைஞ்சபட்சம் ஹோட்டலுக்கு இவ்வளவு, உள்ளூர் ஃப்ளைட்டுக்கு இவ்வளவுன்னு விலையைப் பிரிச்சுக் காட்டணும்னாவது கட்டாயமாக்கலாமே, இப்ப ஒரே தொகையா வாங்கிட்டு, ரிஃபண்டுன்னு வரும்போது போகாத ஃப்ளைட் ரொம்ப சீப்புன்னு கணக்கு சொல்றாங்க. சுற்றுலாத் துறை அதிகாரிகளை உங்க நிருபர்கள் பேட்டி எடுக்கும்போது இதைக் கேளுங்க சார்.

விட்டுட்டேனே, வெளிநாட்டு பேக்கேஜ் விக்கும்போது கம்பெனி நம்மகிட்ட முன்கூட்டியே பிடிக்கிற டிசிஎஸ்ங்கிற வருமான வரி நேபாளத்துக்கும் உண்டு. அதை கம்பெனிகிட்ட கேட்டு அலைய வேணாம், உங்க பான் நம்பர்ல 26ஏஎஸ்ங்கிற வரி ஸ்டேட்மென்ட்ல ஏறியிருக்கான்னு பாத்து ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம். ஏறலன்னா மட்டும் கம்பெனியைப் பிடிங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி