எல்லாப் பிள்ளைகளுக்கும் போடச் சொல்

அன்புள்ள கண்ணுக்கு,

தாராபுரத்திலிருந்து அம்மா எழுதுவது. கென்யாவில், நைரோபியில் உங்கள் குழு பள்ளிச் சாப்பாட்டுக்கு அறிக்கை தயாரிப்பதாகவும், எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுவதா, ஏழைகளைக் கணக்கெடுத்து அவர்களுக்கு மட்டும் போடுவதா என்று இழுபறி நடப்பதாகவும் போனில் சொன்னாய். சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: எல்லோருக்கும் போடுங்கள்.

இருக்கிற கொஞ்சப் பணத்தை இல்லாதவருக்குக் கொடுப்பதுதானே நியாயம் என்று உன்னுடன் வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். இல்லாதவர் யார் என்று எதை வைத்து முடிவு செய்வார்கள்? மூலனூர், வெள்ளகோவில் பக்கம் பத்து ஏக்கர் மேட்டாங்காடு வைத்திருப்பவர் பட்டாப்படி பெரிய பண்ணையக்காரர். மழை பொய்த்த வருடம் ஆடுமாடு மேயும் கொழுக்கட்டைப்புல்லும் காய்ந்து, பட்டி ஆட்டை விற்றுத்தான் வீட்டுச் செலவைப் பார்ப்பார். பல்லடத்திலும் சோமனூரிலும் நான்கு தறி வைத்திருப்பவர் பதிவேட்டில் முதலாளி. கூலி கட்டுப்படியாகாமல் தறியை எடைக்குப் போட்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆர்டர் இருந்தால் இரவு பகலாக வேலை. இல்லாவிட்டால் சனிக்கிழமைச் சம்பளமும் இல்லை. இவர்களை எந்த மாதத்தில் கணக்கெடுப்பது? கணக்கெடுக்க வருகிறவர் ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டு போய்விட்டால், ஊருக்குத் தள்ளியிருக்கும் அருந்ததியர் குடியிருப்பில் யார் பெயர் விட்டுப்போகும் என்பது உனக்கே தெரியும்.

1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்காமல் நின்றது. அரிசி வேண்டும் என்றவருக்கு அரிசி. வசதி வந்தவர்கள் பலர் தாங்களாகவே வாங்காமல் விட்டார்கள். வாங்குகிறவர்களில் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண்களும் இருந்ததால், அரிசி மோசமாக வந்தால் கடைக்காரரைக் கேள்வி கேட்க ஆள் இருந்தது. கேட்க வலுவில்லாதவருக்கு மட்டும் என்று ஒதுக்கிய கடையில் புழுத்த அரிசிதான் வரும்.

சத்துணவுக்கும் இதே வரலாறுதான். காமராஜர் 1956-ல் தொடங்கிய மதிய உணவை, 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். பெரிதாக விரித்தார்; 1984-ல் பதினைந்து வயது வரை நீட்டினார்கள். இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று அப்போதும் கேட்டவர்கள் உண்டு. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், நாட்டின் அரசு, அரசு உதவி பெறும் ஆரம்பப் பள்ளிகள் அனைத்திலும் சமைத்த உணவு தரவேண்டும் என்று உத்தரவிட்டது. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்த முட்டை, இன்று பள்ளி நாள்தோறும் வருகிறது. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு அது நிலையான சந்தை. உங்கள் அறிக்கையில் இதை விரித்து எழுது. அங்கேயும் அந்தந்த ஊர்ச் சோளமும் பயறும் அந்தந்த ஊர்ப் பள்ளிக்கே போனால், பிள்ளை சாப்பிடுவதோடு அதன் அப்பன் விளைத்ததற்கும் விலை கிடைக்கும்.

இன்னொன்று, இது என் கண்ணால் பார்த்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து தனியாக உட்காருவார்கள். "சத்துணவு சாப்பிடுகிறவன்" என்பது அங்கே ஒரு வசவு. அதைக் கேட்டுவிட்டுத் தட்டை எடுக்காமல் பசியோடு வகுப்புக்குத் திரும்பிய பிள்ளைகள் உண்டு. ஏழைகள் பட்டியல் என்று ஒன்றை எடுத்தால், அந்த வசவை அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்ததாக ஆகும்.

சாப்பாடு போட்டால் சாதி போய்விடும் என்று நான் சொல்லவில்லை. 2018-ல் நம் அவிநாசி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில், அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அவரை இடமாற்றமும் செய்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. போராட்டம் வெடித்தபின் அந்த உத்தரவு ரத்தானது, வழக்கும் பதிவானது. அரசு வேலை, அரசு விதி என்று இருந்ததால்தான் நியாயம் கேட்க ஒரு பிடி கிடைத்தது. தர்மத்துக்குப் போடுகிற சோறாக இருந்திருந்தால், நாளையிலிருந்து வரவேண்டாம் என்ற ஒரு வார்த்தையோடு முடிந்திருக்கும்.

கென்யாவில் 2003-ல் ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தை எடுத்ததும் பத்து லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள் என்று நீதானே சொன்னாய்? அன்று வாசலில் நின்று ஏழையா என்று கேட்டிருந்தால் அத்தனை பேர் உள்ளே வந்திருப்பார்களா? உன் குழுவில் இதைக் கேள்.

சமைக்கிறவர்களை மறந்துவிடாதே. அண்டா தூக்கி, புகையில் கண் எரிந்து பிள்ளைகளை வளர்த்த பெண்கள் இங்கே முழுச் சம்பளமும் கௌரவமான ஓய்வூதியமும் கேட்டு இன்னமும் தெருவில் உட்காருகிறார்கள். கணவனை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் அவர்களில் நிறையப் பேர். திட்டச் செலவில் அரிசி, பருப்புக்கு ஒதுக்கும்போதே சமையலரின் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் தனியாக எழுதி, தொகையையும் போட்டுக் கொடு. அந்தப் பக்கத்தை வெட்ட வருகிறவர்களிடம் விட்டுக்கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா