எந்த லேசர் என்று கேட்டீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"லேசர் வெச்சாச்சுங்க, இனிச் சொட்டு எதுக்குங்க?" கண் நீர் அழுத்த நோய்க்கு, அதாவது குளுக்கோமாவுக்கு, லேசர் செய்துகொண்டவர்களில் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். கண்ணில் வைக்கும் லேசரெல்லாம் ஒன்று என்ற எண்ணம் இதற்குக் காரணம். கண்ணாடியைக் கழற்ற வைக்கும் லேசர் வேறு. புரை எடுத்த பிறகு லென்ஸின் பின்னால் படரும் சவ்வைத் துளைக்கும் லேசர் வேறு. அந்த இரண்டும் பார்வையைத் தெளிவாக்கும். குளுக்கோமா லேசர் அழுத்தத்தைக் குறைத்து, மிச்சமிருக்கும் பார்வையைக் காக்கும், அவ்வளவுதான். நரம்பு பட்டுப்போன இடத்தில் பார்வை திரும்பாது. இதை முன்பே சொல்லாவிட்டால், 'காசு கட்டியும் கண் தெளியலை' என்ற மனக்குறைதான் மிஞ்சும்.

குளுக்கோமா லேசரிலும் வகை உண்டு. எது வேண்டும் என்பதைக் கண்ணின் 'கோணம்', அதாவது கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் மூலை, தீர்மானிக்கிறது. மரத்துப்போகச் சொட்டு விட்டு, விழிமேல் சிறு கண்ணாடி லென்ஸை வைத்துப் பார்ப்பது அந்த மூலையைத்தான். அதைப் பார்க்காமலே லேசருக்குத் தேதி குறித்தால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

கோணம் திறந்திருந்தும் அழுத்தம் ஏறினால், வடிகால் சல்லடையில் கோளாறு. சொட்டுநீர் போட்ட தோட்டத்தில் ஃபில்டர் அடைத்தால் மோட்டார் பக்கத்து மீட்டரில் முள் ஏறுமே, அதேதான். இதற்கு வைப்பது எஸ்.எல்.டி. லேசர். 532 நானோமீட்டர் பச்சை ஒளியை, சல்லடையைச் சுற்றிச் சுமார் 100 முறை மின்னல்போல் அடிப்பார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அது சல்லடையில் ஓட்டை போடுவதில்லை. உடம்பின் துப்புரவு அணுக்களைத் தூண்டிவிடுகிறது, அவை மெதுவாகத்தான் வேலை செய்யும். முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை பழைய சொட்டு மருந்தை மருத்துவர் நிறுத்தச் சொன்னாலொழிய நிறுத்தக் கூடாது. அழுத்தம் பொதுவாக 20 முதல் 30 சதவீதம் இறங்கும். சிலருக்கு இறங்கவே இறங்காது. இறங்கினாலும் சில ஆண்டுகளில் பலன் தேயலாம். அப்போது மறுபடி வைக்கலாம்.

பிரிட்டனில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், லேசரோடு சிகிச்சையைத் தொடங்கியவர்களில் 74 சதவீதம் பேர் மூன்றாண்டு கழித்தும் சொட்டில்லாமல் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். நல்ல சேதிதான். ஆனால் அவர்கள் புதிதாக நோய் தெரிந்து, அதற்குமுன் மருந்தே போடாதவர்கள். பத்து வருஷமாக மூன்று சொட்டு விட்டு வருபவர் இந்தக் கணக்கைத் தமக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது.

கோணம் குறுகியோ மூடியோ இருந்தால் சங்கதி வேறு. தலைவலி, வாந்தி, பல்பைச் சுற்றி வானவில் வளையம் என்று திடீரென வரும்போது, பித்தம் என்று கஷாயம் குடித்துப் படுத்துவிடுகிறார்கள். அது அவசர நோய், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதற்கு யாக் என்ற வகை லேசரால், ஐரிஸ் எனப்படும் கண்ணின் நிறத் திரையின் ஓரத்தில் ஊசிமுனை அளவு துளை போடுவார்கள். கண் பாப்பாவைச் சுருக்க முதலில் விடும் சொட்டால் நெற்றி வலிக்கும், பயப்பட வேண்டாம். நம் ஊர்க்காரர்களின் பழுப்பு ஐரிஸ் தடிமனானது, கூடுதல் சக்தி தேவைப்படும். துளியளவு ரத்தம் கசிந்தால், மருத்துவர் லென்ஸை அழுத்திப் பிடித்ததும் பெரும்பாலும் நின்றுவிடும். துளை போட்ட பிறகும் அழுத்தம் ஏறலாம் என்பதால் சொட்டு தொடர வேண்டியிருக்கும்.

லேசர் வைக்கும் நாளில் வெறும் வயிற்றோடு போக வேண்டாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வழக்கம்போலப் போடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, வீசிங் இருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். லேசர் முடிந்த ஒரு மணி நேரத்தில் அழுத்தம் திடீரென ஏறக்கூடும் என்பதால்தான் மறுபடி அளக்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடாதீர்கள். கண் மங்கலாக இருக்கும், பைக் ஓட்டாதீர்கள். கத்தி படவில்லை, ஆகவே புரை ஆபரேஷன்போல் தலைக்குக் குளிக்காமல் இருக்கத் தேவையில்லை. கடும் வலியோ சிவப்போ வந்தால், பார்வை மேலும் மங்கினால், அன்றே போய்க் காட்டுங்கள்.

திருப்பூர்ப் பக்கம் பஞ்சுத் தூசியில் கண் அரித்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கி விடும் சொட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு உடனே அடங்கும், வாரக்கணக்கில் விட்டால் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். லேசரால் இறக்கியதை இது ஏற்றிவிடும்.

மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் கண், எந்த லேசர், வைக்கும் முன் அழுத்தம் எவ்வளவு, எந்தச் சொட்டு தொடர வேண்டும், மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும் என்று ஐந்தே வரி தமிழில் எழுதிக் கொடுங்கள். இங்கிலீஷ் சீட்டை வாசித்துச் சொல்ல எல்லார் வீட்டிலும் ஆள் இல்லை.

இப்படிக்கு,
கண் பரிசோதகர்கள் சிலர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.