இரண்டாம் வரிசை சீட் லாக் ஆகவில்லை: புகார் கடிதம்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மூன்று வரிசை எஸ்யூவியின் இரண்டாம் வரிசை இடப்பக்க சீட் தரையில் லாக் ஆகாதது, மூன்று முறை சர்வீஸுக்கு விட்டும் சரிசெய்யப்படாதது

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் ஏழு பேர் அமரும் எஸ்யூவியை வாங்கி 11 மாதம் ஆகிறது. வீட்டில் நாங்கள் ஆறு பேர்: அம்மா, நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், என் தங்கை. முன்பெல்லாம் எங்கே கிளம்பினாலும் இரண்டு வண்டி வேண்டும். பின்னால் வருகிறவர்கள் சிக்னலில் மாட்டிக்கொள்வார்கள். முன்னால் போனவர்கள் ஓரமாக நிறுத்திக் காத்திருப்போம். பாட்டி எந்த வண்டியில் ஏறுவது என்று பிள்ளைகளுக்குள் தினம் ஒரு சண்டை. எல்லோரும் ஒன்றாகப் போக வேண்டும் என்றுதான் இந்த வண்டியை எடுத்தோம். அந்த விஷயத்தில் எங்களுக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. எஞ்சின் நன்றாக இழுக்கிறது, கூரை ஏசி மூன்றாம் வரிசை வரைக்கும் குளிர்கிறது.

என் புகார் ஒரே ஒரு சீட்டைப் பற்றியது. ஆனால் அந்த ஒரு சீட்டை நம்பித்தான் மொத்த வண்டியும் இருக்கிறது.

மூன்றாம் வரிசைக்குத் தனிக் கதவு கிடையாது. இரண்டாம் வரிசையின் இடப்பக்க சீட்டை மடக்கி, லிவரை இழுத்து, முன்பக்கமாகக் கவிழ்த்தால்தான் பின்னால் போக வழி. என் ஒன்பது வயது மகனும் தங்கையும் அப்படித்தான் ஏறுகிறார்கள். வலப்பக்கம் சின்னவளின் குழந்தை சீட் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் (குழந்தை சீட்டை மாட்ட வண்டி சீட்டிலேயே இருக்கும் கொக்கி) மாட்டியிருக்கிறது, அதனால் அந்தப் பக்கத்தைக் கவிழ்க்க முடியாது. (குழந்தை சீட் மாட்டினால் அந்தப் பக்க வழி அடைபட்டுவிடும் என்பதை ஷோரூமில் யாரும் சொல்லவில்லை. மற்றவர்களுக்காவது சொல்லுங்கள்.) ஆக, ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு தடவை இடப்பக்க சீட் கவிழ்ந்து நிமிர வேண்டும். அப்புறம் அம்மா அதில் உட்காருவார்.

ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்து அந்த சீட் ஒழுங்காக லாக் ஆவதில்லை. நிமிர்த்தி அழுத்தினால் பின்கால் இரண்டும் தரையில் உள்ள கம்பியைப் பிடிக்க வேண்டும். கதவோரக் கால் ‘டக்’கென்று பிடிக்கிறது, உள்பக்கக் கால் பிடிப்பதில்லை. லிவருக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு சிவப்புப் பட்டை தெரிகிறது. லாக் ஆனால் அது மறைய வேண்டும் என்று உங்கள் கையேடே சொல்கிறது. எங்கள் வண்டியில் அது மறைவதே இல்லை. மகன் இப்போது ஏறியதும் முதல் வேலையாகக் குனிந்து அந்தச் சிவப்பைத்தான் பார்க்கிறான்.

போன மாதம் அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது முன்னால் போன வண்டி சட்டென்று நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். வேகம் ஒன்றும் அதிகமில்லை. பிடித்திருந்த இன்னொரு காலும் விட்டுப்போய், காலியாக இருந்த அந்த சீட் அப்படியே எழும்பி என் பக்கத்து சீட்டின் முதுகில் வந்து இடித்தது. ஐந்து நிமிடம் முன்பு வரை அம்மா அதில் உட்கார்ந்திருந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த ஐந்து மாதத்தில் மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குப் போயாகிவிட்டது. முதல் முறை கிரீஸ் போட்டார்கள், நான்கு நாள் தாங்கியது. இரண்டாம் முறை தரை விரிப்பை வெட்டிச் சரிசெய்தார்கள். மூன்றாம் முறை, இந்தச் சம்பவத்துக்குப் பிறகு போனபோது, “உபயோகத்தில் இப்படித் தேய்வதுதான் சார், அடிக்கடி மடக்காதீர்கள்” என்றார்கள். எனக்கு ஆறவே இல்லை. மடக்காமல் மூன்றாம் வரிசைக்கு எப்படிப் போவது? மூன்றாம் வரிசை வேண்டாம் என்றால் இதைவிடச் சின்ன வண்டியே எங்களுக்குப் போதுமே.

இதைத் தேய்மானம் என்று ஒதுக்கக் கூடாது. இந்த சீட்டில் பெல்ட்டின் பக்கிள் சீட்டின் சட்டத்தோடு சேர்ந்தே இருக்கிறது. சீட் தரையை விட்டால், பெல்ட் போட்டிருந்தும் பலனில்லை. சீட்டுகளுக்கான ஐ.நா. வாகன விதி 17, வண்டி மோதியதுபோல் சட்டென்று நின்று புவியீர்ப்பைப்போல் 20 மடங்கு விசை இழுத்தாலும் சீட்டும் அதன் பூட்டும் விடாமல் தாங்க வேண்டும் என்று சோதிக்கச் சொல்கிறது. 25 கிலோ எடையுள்ள சீட்டுக்கு அது சுமார் 500 கிலோ இழுப்பு. எங்கள் சீட்டோ ஒரு சாதாரண பிரேக்குக்கே கழன்று வந்துவிட்டது.

டிக்கி பற்றியும் ஒரு வார்த்தை. விளம்பரத் தாளில் பெரிதாகப் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு மூன்றாம் வரிசையை மடக்கிய பிறகு கிடைப்பது. ஏழு பேர் ஏறினால் மிஞ்சும் இடத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். அதோடு எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆளுக்கு 70 கிலோ என்றாலே ஏழு பேருக்கு 490 கிலோ ஆகிவிடுகிறது, பெட்டிகள் தனி.

நான் கேட்பது இதுதான். அந்த சீட்டின் லாக் பகுதியை முழுவதுமாகப் புதிதாக மாற்றிக் கொடுங்கள்; கிரீஸ் வேண்டாம். வண்டி வாரண்டியில் இருக்கிறது. மாற்றிய பிறகு உங்கள் தொழிற்சாலைப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இதே லாக் உள்ள மற்ற வண்டிகளையும் சோதியுங்கள், அவற்றிலும் யாரோ ஒருவரின் அம்மா உட்கார்ந்திருப்பார். வேலை முடியும்வரை மாற்று வண்டி ஒன்று தேவை.

சர்வீஸ் சென்டர் தந்த மூன்று ஜாப் கார்டுகளின் (வேலைச் சீட்டுகளின்) நகலும், சிவப்புப் பட்டை தெரியும் வீடியோவும் இணைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். அதுவரை அந்த சீட்டில் யாரும் உட்காருவதில்லை. அம்மா முன்சீட்டில் வருகிறார், தங்கையும் மகனும் பழையபடி இன்னொரு வண்டியில் பின்னால் வருகிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்